ஓரத்துண்டு

மார்ச் 4

பத்து நாளாக வயிறு அமைதி. டிரைவிங் பழகவரும் பிள்ளைகளை நடுத்தெருவில் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கழிவறை தேடி ஓடவில்லை. கைப்பேசியில் எதையோ படித்துவிட்டு நானாகவே கோதுமையை நிறுத்தினேன். ஆனால் பேக்கரி வைத்திருக்கும் பெண்டாட்டியிடம் இதை எந்த வாயால் சொல்வது? காலையில் அவள் தரும் ரொட்டி ஓரத்துண்டு காரில் ஏறுகிறது, தெருமுனையில் காக்கைக்குப் போகிறது.

மார்ச் 5

டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டார்.

"யாரு உங்களை நிறுத்தச் சொன்னா? கோதுமை உள்ள போனாதான் உடம்பு அதோட சண்டை போடும். அந்தச் சண்டையைத்தான் ரத்தத்துல தேடுறோம். இப்ப எடுத்தா, கோதுமை ஆகாத சீலியாக் நோய் இருந்தாலும் இல்லைன்னு வந்துடும்."

ஜீன் டெஸ்ட் எடுத்தால் தெரியாதா என்று கேட்டேன்.

"அது இல்லைன்னு சொன்னா நம்பலாம். இருக்குன்னா, வர வாய்ப்பிருக்குன்னு மட்டும்தான் அர்த்தம்."

ஆறு வாரம் தினமும் ரெண்டு துண்டு ரொட்டி தின்ன வேண்டுமாம். பிறகு ரத்தம். அதில் தெரிந்தால், வாய்வழியாகக் குழாய் விட்டு, சிறுகுடலில் கொஞ்சம் கிள்ளிப் பார்ப்பார்கள்.

காக்கை சமாச்சாரத்தையும் சேர்த்து வீட்டில் சொல்லியாக வேண்டும். சொன்னேன்.

"அப்ப என் ரொட்டி பூரா காக்காய்க்கா, மாஸ்டர்?"

மார்ச் 6

காலையில் ஓரத்துண்டு வரவில்லை.

மார்ச் 8

தட்டில் ரெண்டு துண்டு. ஒன்று ஓரம். "மருந்துன்னு நெனச்சுத் தின்னுங்க" என்றாள். மருந்தா இது? வாயில் வைத்ததும் கண் கலங்கிவிட்டது. புதிதாக டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டராகச் சேர்ந்த காலத்தில், அவள் கடைக்கு எதிரேதான் காரை நிறுத்துவேன். ஒருநாள் கண்ணாடியைத் தட்டி, "ஓரத்தை யாரும் வாங்கறதில்ல மாஸ்டர், நீங்க எடுத்துக்கங்க" என்றாள். இருபது வருஷமாகிறது. அந்த மாஸ்டரும் மாறவில்லை, அந்த ஓரமும் மாறவில்லை. இதுவும் போய்விடுமோ?

மார்ச் 29

ஐயோ, என்னால முடியல. வயிறா இது, மாவு பிசையற மெஷினா? இருந்தும் காலையில் அவள் எள் தூவிச் சுட்டதை ஒரு துகள் விடாமல் தின்றேன். தின்னும்வரை சுகம்தான்.

ஏப்ரல் 19

ரத்தம் கொடுத்தாயிற்று. குழாய்ப் பரிசோதனை முடியும்வரை நிறுத்தக்கூடாதாம். பாதி சந்தோஷம்.

ஏப்ரல் 22

ரத்தத்தில் அந்தச் சண்டை எகிறிக் கிடக்கிறது. "முடிவு பண்ணிடாதீங்க, குடலையும் பார்த்துடுவோம்" என்றார் டாக்டரம்மா.

மே 6

குடலும் ஆமாம் என்றுவிட்டது. இனி ஆயுசுக்கும் கோதுமை கிடையாது. அடுப்படியில் எனக்கென்று தனித் தவா, தனி வெண்ணெய். அவள் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டிருந்தாள்.

மே 8

மாவு வீட்டுக்கு வரக்கூடாதென்று கடையிலேயே குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தால் வெறும் சோப்பு வாசனை.

"என்ன மோந்து பார்க்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லையா! அந்த மாவு வாசனையைக் கட்டிக்கொண்டவன் நான்.

மே 9

காலையில் பழைய இடத்திலேயே, கடைக்கு எதிரே காரை நிறுத்தினேன். வாசனைக்காகத்தான். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் ஓரத்தை எடுத்து நீட்டினாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு அங்கேயே நின்று, கண்ணை மூடி, மெல்ல மெல்லத் தின்றாள்.

அவளுக்கும் ஓரம்தான் பிடிக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.