பதினான்கு மணி ஐம்பது நிமிடம்

வியாழன், காலை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நலம். உன் அம்மாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. போனில் சொல்லலாமே என்பாய். நீ கூப்பிட்டால் அவள்தான் எடுக்கிறாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துவிடுகிறாள். அதனால் ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டு இதை எழுதி, கடைப் பையனை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்கிறேன்.

நேற்று மறுபடியும் ஆபரேஷன் தேதியைத் தள்ளிப் போட்டுவிட்டு வந்தோம். இது மூன்றாவது முறை. கையெழுத்துப் போட வேண்டிய தாளை டாக்டரம்மா நீட்டினார். இவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "என் பையன் வந்துடட்டும் டாக்டர், பதினாலு மணி நேரந்தான்" என்றாள். இதய வால்வு ரொம்ப மோசமாக இருக்கிறது, வரும் செவ்வாயைத் தாண்டினால் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். எங்கே போய் முட்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தப்பு என்னுடையதுதான். நீ வெளிநாடு போன புதிதில் அவள் அழுதுகொண்டே இருந்தாளே என்று, கணினியில் பார்த்து, டிப்போ அட்டவணை மாதிரி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதிக் கொடுத்தேன். தூரம் பதின்மூன்றாயிரத்து நூற்று இருபது கிலோமீட்டர். விமானம் பறக்கும் நேரம் பதினான்கு மணி ஐம்பது நிமிடம். முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவன் நான். அட்டவணையில் இருப்பது வண்டி ஓடும் நேரம் மட்டும்தான், கிளம்ப அனுமதி கிடைப்பது வேறு கதை என்று எனக்குத் தெரியாதா? அதை மட்டும் அவளிடம் சொல்லாமல் விட்டேன். நான் எழுதிக் கொடுத்த நேரத்துக்கு இந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

நீயாவது சொல்லியிருக்கலாம். விசா புதுப்பிக்கப் போயிருக்கிறது, இப்போது வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று என்னிடம் மட்டும் சொல்கிறாய். அவளிடம், "பதினாலு மணி நேரந்தானேம்மா, நெனச்சா வந்து நிப்பேன்" என்கிறாய். நீ இப்போது ஏறினால் நாளை எத்தனை மணிக்கு இறங்குவாய் என்று அவள் தினமும் கணக்குப் போடுகிறாள். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலாக வருகிறது. நேற்று கத்திவிட்டேன். பிறகு நானே போய் மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

உன்னை வரச் சொல்லி இதை எழுதவில்லை. வர முடியாது என்று அவளிடம் சொல். நான் சொன்னால், பிள்ளையை வரவிடாமல் தடுக்கிறேன் என்பாள். நீ சொன்னால் அழுவாள், என்னைத் திட்டுவாள், இரண்டு வேளை சாப்பிட மாட்டாள். அப்புறம் கையெழுத்துப் போடுவாள். திங்கட்கிழமைக்குள் சொல்லிவிடப்பா.

நேரத்துக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கென்று கட்டி வைத்த பையில், மாற்றுத் துணிக்கு அடியில், அந்த அட்டவணைத் தாளை மடித்து வைத்திருக்கிறாள். எடுத்துக் கிழித்துப் போட எனக்குக் கை வரவில்லை. நீ பேசு.

உன் அப்பா