பெருமாள் பிரசாதத்தில் கலந்த மாத்திரை

ராஜபாளையம்

அன்புள்ள மகன் கௌதம்ராஜுக்கு அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மருமகள் இந்துவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீ செய்தது தப்பு. லீவில் வந்தவன் புரட்டாசிச் சனிக்கிழமை நம்மூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் போய்ப் பெருமாள் கோவில் சர்க்கரைப் பொங்கலை வாங்கி வந்து, அதில் மனநோய் மாத்திரையைப் பொடித்துக் கலந்து உன் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டாய். கேட்டால் "அவிய நல்லதுக்குத்தானப்பா" என்கிறாய். போனில் பேசினால் அவள் கதவோரம் வந்து நிற்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு மாரிக்கனி தன் சாப்பாட்டில் விஷம் வைக்கிறாள் என்று அவள் நம்புவது உனக்குத் தெரியும். மற்றதில் என்ன குறை? கீரைக்காரியிடம் பேரம் பேசி ஜெயிக்கிறாள், இந்துவின் பிறந்தநாளை எனக்கு நினைவுபடுத்துகிறாள். அந்த ஒன்றில் மட்டும்தான் அசைய மாட்டாள். எட்டாவதோடு நின்றவன் என்று நீ சிரித்தாலும் நூலகத்தில் தேடிப் படித்துத்தான் சொல்கிறேன், இது பிடிவாதமும் இல்லை, நடிப்பும் இல்லை, பிறழ்நம்பிக்கை நோய். நமக்கு வெயில் சுடுவது எப்படி மெய்யோ அவளுக்கு அது அப்படி மெய். வாதாடினால் இன்னும் இறுகும். அதற்கு நீ ஆதாரமே செய்து கொடுத்துவிட்டாய்.

பொங்கலின் அடியில் கிடந்த வெள்ளைத் துணுக்கை விரலில் எடுத்து என்னிடம் நீட்டினாள். அழவில்லை. "பாத்தியளா, பெருமாளையும் கைக்குள்ள போட்டுட்டா மாரிக்கனி" என்றாள். செத்த நேரம் கழித்து "என்னையல்லா கோட்டிக்காரி, பைத்தியக்காரின்னிய" என்றாள். கோவில் பிரசாதம் ஒன்றைத்தான் சந்தேகமில்லாமல் வாயில் வைப்பாள், இப்போது அதுவும் போயிற்று. தானே உரிக்கிற வாழைப்பழமும் கண் முன்னால் வெட்டுகிற இளநீரும்தான் ஆகாரம். வளையல் கையில் நிற்கவில்லை. நான் எம்புட்டோ பேசிய பிறகு, தூக்கத்துக்காகவாவது மனநல டாக்டரம்மாவைப் பார்க்க வாரேன் என்று சம்மதித்திருந்தாள், இப்போது டாக்டரம்மாவும் மாரிக்கனி ஆளாம். நேற்று உன் அம்மா மாரிக்கனி வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். அந்தப் பிள்ளை வாசலைப் பெருக்கிவிட்டு உள்ளே போய்விட்டது. அது உன்மேல் விழவேண்டிய மண்.

இனி, டாக்டரம்மாவிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொல்லி வழி கேட்பது என் வேலை. மாரிக்கனி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்பதும் நான்தான். உன் அம்மாவே சமைக்கட்டும், அதே சட்டியிலிருந்து முதல் வாய் நான் சாப்பிடுகிறேன். இந்து அடிக்கடி பேசட்டும், சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேட்கவேண்டாம். யாரும் அவள் சொல்வதை மறுக்கவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். நீ லீவு கேட்டு வா. அவள் முன்னால் நின்று, கலந்தது மாரிக்கனி இல்லை, நான்தான் என்று உன் வாயால் சொல். உன்மேல் சந்தேகம் வந்தால் வரட்டும். அந்த ஒரு சந்தேகமாவது உண்மையாக இருக்கும்.

இருவருக்கும் என் ஆசீர்வாதம். வரும்போது தின்பதற்கு எதுவும் வாங்கி வராதே.

அப்பா,
இருளப்பசாமி