ஸ்கூட்டருக்கு ஃபில்டர் மாற்றிவிட்டேன், புஷ்பம்

தோளைத் தட்டித் தட்டியே என்னைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்த்த என் புஷ்பத்துக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கூட்டர் ஓடுகிறது. நீ போன பிறகு அது பட்ட பாட்டையும், அதனால் நான் பட்ட பாட்டையும் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? ரெஜினாவிடம் சொல்லலாம்தான், பெற்ற மகள் ஆயிற்றே. ஆனால் அவளுக்கு அது ஒரு பழைய வண்டி, அவ்வளவுதான்.

கல்லறைத் திருநாளுக்குப் பங்குக் கோயிலில் அச்சடித்துப் போடும் நினைவு மலருக்கு, இறந்துபோனவர்களைப் பற்றி வீட்டுக்கு ஒருவர் எழுதிக்கொடுங்கள் என்று கேட்டார்கள். மற்றவர்கள் அம்மாவின் ஜெபம், அப்பாவின் பொறுமை என்று எழுதியிருப்பார்கள். நான் கார்புரேட்டரைப் பற்றி எழுதுகிறேன். படிக்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

அவர்களுக்காக, உனக்குத் தெரிந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் செராமிக் கம்பெனியில் பால் மில் என்கிற அரவை எந்திரம் ஓட்டுகிறவன். பெரிய உருளைக்குள் களிமண்ணையும் கல்லையும் தண்ணீரையும் போட்டுச் சுற்றவிட்டால், உள்ளே கூழாங்கற்கள் உருண்டு உருண்டு எல்லாவற்றையும் மாவாக அரைத்துவிடும். அந்த இரைச்சலில் நின்று நின்றே காது போனது. முழுச் செவிடு இல்லை. சத்தம் இருக்கிறது என்று தெரியும், என்ன சத்தம் என்று தெரியாது. எதிரில் நின்று பேசினால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். பின்னாலிருந்து கூப்பிட்டால் தூணைக் கூப்பிட்ட மாதிரிதான்.

ரோட்டில் எனக்குக் காது நீதான். பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு வலது தோளில் தட்டினால் பஸ் முந்தப் பார்க்கிறது என்று அர்த்தம். இடது தோளில் தட்டினால் ஆட்டோ ஓரத்தில் நுழைகிறது. சட்டையோடு சேர்த்துப் பிடித்து இழுத்தால் நிறுத்தியாக வேண்டும். ஜங்ஷன் ரோட்டு டீக்கடையில், பொண்டாட்டியிடம் அடி வாங்கிக்கொண்டே வண்டி ஓட்டுகிற ஆள் என்றுதான் எனக்கு அடையாளம் சொல்வார்கள். அது உன் காதில் விழுந்த பிறகு நீ இன்னும் ஓங்கித் தட்டினாய்.

வண்டியை ட்யூன் பண்ணுவதும் அப்படித்தான் நடந்தது. பெட்ரோலும் காற்றும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதைக் கார்புரேட்டரில் இருக்கிற ஒரு சின்னத் திருகு முடிவு பண்ணும். காது உள்ளவன் எஞ்சின் சத்தம் சீராகிற இடத்தில் திருகை விட்டுவிடுவான். நான் குனிந்து திருகுவேன், நீ என் முதுகில் கையை வைத்துக்கொண்டு நிற்பாய். கோயில் பாடல் குழுவில் சுதி தப்புகிறவர்களைத் திரும்பிப் பார்த்தே திருத்துகிறவள் அல்லவா நீ. சரியான இடம் வந்ததும் ஒரு தட்டு விழும். அதற்குமேல் எந்த மெக்கானிக்குக்கும் வேலை இருக்காது.

மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரிக்கு நீ போனது இந்த ஸ்கூட்டரில்தான். திரும்பி வந்தது வேனில். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது.

நீ போன கொஞ்ச நாளில் ஃபில்டரும் போனது. எஞ்சினுக்குப் போகிற காற்றில் தூசியை நிறுத்துகிற சல்லடை அது. உள்ளே இருந்த காகிதம் கிழிந்து தொங்கியது. இந்த ஸ்கூட்டரையே கம்பெனி நிறுத்திவிட்டது, ஒரிஜினல் எங்கேயும் கிடைக்காது, வேறு கம்பெனி போட்டதுதான் என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் கையை விரித்தார். இரண்டு ரகம் எடுத்து வைத்தார். ஒன்று பழைய பெட்டிக்குள்ளேயே பொருந்துகிற ஸ்பாஞ்சு, கருப்பாக, பார்க்க ஒன்றுமில்லாமல் இருந்தது. இன்னொன்று பெட்டியே இல்லாமல் வெளியில் மாட்டுகிற திறந்த ஃபில்டர், கூம்பு மாதிரி, பளபளவென்று கம்பி வலை போட்டது. இதைப் போட்டால் காற்று அள்ளிக்கொண்டு போகும், வண்டி பறக்கும் என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டு அதையே வாங்கி வந்தேன். பக்கத்தில் இருந்திருந்தால் முழங்கையால் ஒரு இடி இடித்திருப்பாய், இல்லையா?

காற்று அதிகமாகப் போனால் பெட்ரோலும் அதிகமாகப் போக வேண்டுமாம். மெக்கானிக் பாஷா பாய் கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற ஜெட்டைப் பெரிதாக மாற்றி, காதை வைத்துக் கேட்டு ட்யூன் பண்ணிக் கொடுத்தார். கடை வாசலில் நன்றாகத்தான் இருந்தது. வெயில் ஏறியதும் ஒரு மாதிரி, காலையில் ஒரு மாதிரி என்று ஆகிவிட்டது. சும்மா நிற்கும்போது எப்போது அணையும் என்று சொல்ல முடியாது. தினமும் ஓடிப்போய் அவர் காதைக் கடன் கேட்க முடியுமா?

ஒருநாள் காலை ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டே இருந்தது, தரையெல்லாம் அதிர்ந்தது. அந்த அதிர்வில் என் எஞ்சின் அணைந்ததே எனக்குத் தெரியவில்லை. கேட் திறந்ததும் நான் பாட்டுக்குக் கியரைப் போட்டு ஆக்சிலேட்டரை முறுக்குகிறேன், வண்டி நகரவில்லை. ஏன் நகரவில்லை என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறான். என்னைச் சுற்றிக்கொண்டு போவதற்காக அவன் திருப்பியதில் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகடு என் முழங்கையை உரசியது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேரும் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய்கள் அசைவது மட்டும்தான் தெரிந்தது. உன் கை இல்லாமல் போனது அடக்கத்தன்று தெரியவில்லை புஷ்பம், அந்தக் கேட்டில்தான் தெரிந்தது.

சேதி நான் வீட்டுக்குப் போவதற்குள் ரெஜினாவுக்குப் போய்விட்டது. மங்கலம்பேட்டை ரோட்டில் அவள் டீச்சர் வேலை பார்க்கிற ஸ்கூலிலிருந்து பாதி நாள் லீவு போட்டுவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். வாயைப் பார்த்தால் போதும் என்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"அம்மா பின்னாடி இருந்தாங்க, ஓட்டுனீங்க. இப்ப யாருப்பா இருக்காங்க? வண்டிய குடுத்துடலாம். ஒங்களயும் தூக்கிக் குடுக்க என்னால முடியாது."

மங்கலம்பேட்டையில் துபாயிலிருந்து லீவில் வந்த ஒருவர் பழைய வண்டிகளைத் தேடிக்கொண்டிருக்கிறாராம், மாதக் கடைசியில் வந்து எடுத்துக்கொள்வாராம். அவளே பேசி முடித்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. சாப்பிடாமல் எழுந்து போனேன். அவள் சொன்னதில் தப்பில்லை என்று தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம். ஆனால் நீ உட்கார்ந்த இடத்தை யாரோ ஒருவர் மங்கலம்பேட்டைக்கு ஓட்டிக்கொண்டு போவதை நான் எப்படி நின்று பார்ப்பது?

கொடுப்பதானாலும் நல்லபடியாகக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு வண்டியைப் பாஷா பாய் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அந்தப் பளபள ஃபில்டரைக் கழற்றிவிட்டு உள்ளே விரலை விட்டேன். விரல் நுனியில் வெள்ளையாக மாவு ஒட்டிக்கொண்டு வந்தது. நான் அரைக்கிற மண்ணேதான். கம்பெனி ரோடெல்லாம் பறக்கிற அந்தத் தூசிக்கு அந்தக் கம்பி வலை எம்மாத்திரம்? பாஷா பாய் எட்டிப் பார்த்துவிட்டு, இது மண்ணு பறக்காத ஊருக்கு உண்டானது அண்ணே என்றார்.

கடைசியில் அந்தக் கருப்பு ஸ்பாஞ்சையே வாங்கினேன். மண்ணெண்ணெயில் அலசி, ஆயிலில் லேசாக நனைத்துப் பிழிந்து பழைய பெட்டிக்குள் வைத்து மூடினோம். ஜெட்டும் பழைய அளவுக்கே திரும்பியது. திருகை யார் வைப்பது என்றுதான் நின்றேன். காலையில் ஒரு மாதிரி, வெயிலில் ஒரு மாதிரி ஓடுகிற வண்டிக்கு உங்கள் காதைத் தினமும் எப்படிக் கொண்டுபோவது என்று பாஷா பாயிடம் கேட்டேன். அவர் எனக்கு எதிரில் வந்து நின்றார்.

"காது எதுக்குண்ணே? பிளக்க கழட்டி நெறத்த பாருங்க. சூளையில நெறம் பாக்கத் தெரிஞ்ச ஆளுதானே நீங்க."

பிளக்கின் நுனியில் இருக்கிற வெள்ளை மூக்கு பீங்கான்தானே புஷ்பம், நம்ம ஊர்ச் சரக்கு. காற்று அதிகமானால் அது வெளுத்துப்போகும். பெட்ரோல் அதிகமானால் கரி அப்பிவிடும். டீயில் நனைக்கிற பிஸ்கட் நிறத்தில் இருந்தால் கலவை சரி. வீட்டுக்கு வந்து கோயில் மைதானம் வரைக்கும் ஓட்டுவேன், நிறுத்துவேன், கழற்றிப் பார்ப்பேன். கருப்பு. திருகைக் கொஞ்சம் தள்ளி, மறுபடியும் ஓட்டுவேன். அப்புறம் வெளுப்பு. விரலெல்லாம் சுட்டுக்கொண்டேன். கோயில் உபதேசியார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மனைவி போன துக்கத்தில் இந்த மனிதன் மைதானத்தைச் சுற்றுகிறான் என்று நினைத்திருப்பார். நினைத்ததில் பெரிய தப்பும் இல்லை.

அப்புறம் ஒரு தடவை கழற்றினபோது பிஸ்கட் நிறத்தில் வந்தது. ஒரே சீராக, கறையில்லாமல், நம்ம சூளையில்கூட அப்படி ஒரு நிறம் சுலபத்தில் விழாது. நான் குனிந்தபடியே இருந்தேன். ஏன் நிமிரவில்லை என்று கொஞ்ச நேரம் எனக்கே புரியவில்லை. முதுகில் ஒரு தட்டு விழ வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நீ இல்லாமலே ஒரு காரியம் சரியாக நடந்துவிட்டது புஷ்பம். வண்டி கெட்டுக் கிடந்தபோதெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை, அது சரியானபோதுதான் வந்தது.

பிளக்கை மாட்டி வீட்டு வாசலுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். ரெஜினா எஞ்சின் சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து வெளியில் வந்தாள். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அம்மா இருக்கும்போது கேட்ட மாதிரியே கேட்கிறது என்றாள். அன்று சாயந்திரம் துபாய்க்காரருக்கு போன் போட்டு, வண்டி இல்லை என்று சொல்லிவிட்டாள். எனக்கு ஒரு நிபந்தனை போட்டாள். அவள் ஓட்டுவாள், நான் பின்னால் உட்கார வேண்டும். காலையில் என்னைக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு அவள் ஸ்கூலுக்குப் போவாள். கைக்கியர் வண்டி ஆயிற்றே என்று நான் இழுத்தேன். கூட வேலை பார்க்கிற டீச்சரின் வண்டியில் ஏற்கெனவே பழகிவிட்டாளாம். உன் மகள் அல்லவா, எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் சொல்வாள்.

மகள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்துகொண்டு டீக்கடையைத் தாண்டிப் போனதைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது என்று எனக்குக் கேட்காது. செவிட்டுக் காதில் அந்த ஒரு லாபம் இருக்கிறது. போகிற வழியெல்லாம் என்னை அறியாமலே நான் ஏதோ பேசிக்கொண்டே போயிருக்கிறேன். பள்ளம் பார்த்து ஓட்டு, வெயிலில் நிற்காதே, மதியச் சோற்றை ஆறவிடாதே என்று. கம்பெனி வாசலில் இறங்கியதும் ரெஜினா திரும்பி, காற்றில் ஒன்றும் கேட்கவில்லை என்று சிரித்தாள். அப்புறம்தான் அதைச் சொன்னாள்.

"அம்மாவும் இப்பிடித்தான்பா, வண்டியில பேசிக்கிட்டே வருவாங்க."

வண்டியில் உன் அம்மா வாயே திறந்ததில்லை, தட்டுவாள், அவ்வளவுதான் என்றேன். ரெஜினா ஸ்கூலுக்குப் போகிற வயதில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு வருவாளே, அப்போது நான் மெதுவாக ஓட்டுவதால் எல்லாம் கேட்குமாம். அம்மா உன்னிடம் பேசியிருப்பாள் என்று அவளிடம் சொன்னேன். ரெஜினா தலையை ஆட்டினாள்.

"எங்கிட்ட இல்லப்பா. ஒங்ககிட்டதான் பேசுவாங்க."

என்ன பேசுவாய் என்று கேட்டேன். அவளுக்கு ஞாபகமில்லை. அன்றன்றைக்கு நடந்தது, வீட்டுக் கதை, சில நாள் சண்டைகூட போடுவாய் என்றாள். ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள். நான் மில்லைப் போடாமல் அதன் பக்கத்திலேயே நின்றேன்.

எனக்குக் கேட்காது என்று தெரிந்துதானே பேசினாய்? வீட்டில் எதிரில் வந்து உட்கார்ந்து சொல்ல முடியாதது என்ன இருந்தது? இல்லை, பதில் வேண்டியிராத பேச்சா அது? என் முதுகுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இத்தனை வருஷம் நீ பேசியிருக்கிறாய். அதில் ஒரு வார்த்தைகூட என்னிடம் இல்லை.

இனி காலையில் கம்பெனி வாசல் வரைக்கும் நீ உட்கார்ந்த அந்தப் பின்சீட்டில் உட்கார்ந்து நானும் உன்னிடம் பேசிக்கொண்டே வருவேன் புஷ்பம். ரெஜினாவுக்குக் காற்றில் கேட்காது. உனக்குக் கேட்கிறதா என்று கேட்க மாட்டேன். நீ என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லையே.

இன்றைக்கும்
உன் வூட்டுக்காரன்,
அந்தோணிசாமி
விருத்தாசலம்