வெங்காயம் மட்டும் நறுக்கியவர்

நேற்று மாலை கீழ் வீட்டுப் பெண் ஒரு தட்டில் இரண்டு குடைமிளகாய் கொண்டுவந்து கொடுத்தாள். சென்னையிலிருந்து பூனாவுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. உள்ளே உருளைக்கிழங்கு அடைத்து ஓவனில் சுட்டது. தோல் அங்கங்கே கருகிச் சுருங்கியிருந்தது. அந்த வாசனை அவளுக்கு முன்னாலேயே வீட்டுக்குள் வந்துவிட்டது. நீயா செய்தாய் என்று கேட்டேன். "நான் எங்க ஆன்ட்டி, எனக்கு ரசமே ஒழுங்கா வராது. எல்லாம் அவர்தான்" என்று சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டாள்.

அவ்வளவுதான், ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். நீங்கள் உயிரோடு இருந்தவரை எனக்கு அந்த 'அவர்தான்' வாயில் வரவே இல்லை.

பிம்ப்ரி தொழிற்சாலையில், பெயின்ட் அடித்த இரும்புச் சாமான்களைச் சூட்டில் வாட்டி எடுக்கிற பெரிய ஓவனுக்கு நீங்கள்தான் பொறுப்பு. தொண்ணூற்றேழில் அந்தப் பிரிவையே மூடி, ஐம்பது வயதுகூட ஆகாத உங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் பேங்க் வேலைக்குக் கிளம்பி செருப்பு மாட்டும்போது, நீங்கள் பனியனோடு பால்கனியில் நின்று கம்பெனி பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ரஞ்சன்காவ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்து, "எனக்குக் கீழ வேலை பாத்தவங்கிட்டயே கையக் கட்டிட்டு நிக்கோணுமாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நானும் வற்புறுத்தவில்லை.

அப்போதுதான் பரணில் கிடந்த வட்ட ஓவனை இறக்கினீர்கள். என் தம்பி கொடுத்தது. அலுமினியப் பாத்திரத்துக்கு மூடியில் கண்ணாடி வைத்தது மாதிரி ஒரு சாமான். அதில் நான் செய்த ஒரே கேக்கைத் தெருநாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போனது. நீங்கள் ஸ்குரூவெல்லாம் கழற்றித் துடைத்தீர்கள். ஒரு பாவ் ரொட்டித் துண்டை உள்ளே வைத்து, அது சிவக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினீர்கள். சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகு கிடையாது. ஒயரைச் சொருகுவதும் பிடுங்குவதும்தான். "சூடு ஏறாம உள்ள வெச்சா மேல காயும், உள்ள வேகாது" என்பீர்கள், இரும்புக்குச் சொன்ன அதே குரலில்.

ஔந்த் சந்தையில் காய்க்காரம்மா டோப்ளி மிர்ச்சி என்பாள். நீங்கள் கடைசிவரை குடைமொளகா என்றே கேட்டு வாங்கினீர்கள். அவளுடைய கூடையில் ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்திப் பார்த்து, சாயாமல் நிற்கிறதை மட்டும் பொறுக்குவீர்கள். அவள் மராத்தியில் திட்டுவாள். உங்களுக்குப் புரியாது, அல்லது புரியாத மாதிரி நிற்பீர்கள். வீட்டுக்கு வந்ததும் காம்போடு மேல்பக்கத்தை மூடி போல அரிந்து எடுத்து வைப்பீர்கள். விதையை வழித்துவிட்டு, உள்ளே உப்புத் தடவி, நீர் வடியக் கவிழ்த்து வைப்பீர்கள். வதக்கிய வெங்காயம், மசித்த உருளைக்கிழங்கு, பட்டாணி. அதோடு ஒரு பிடி வறுத்த வேர்க்கடலைப் பொடி. அது பூனா உங்களுக்குக் கொடுத்தது. தோலுக்கு எண்ணெய் தடவி, ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கிற மாதிரி நான்கு நான்காக அடுக்குவீர்கள். பிறகு முக்காலியைப் போட்டு, ஓவன் மூடிக் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவீர்கள். வேலை போன பிறகு உங்கள் முகத்தை நான் பழையபடி பார்த்தது அந்த முக்காலியில்தான்.

புதன்கிழமைதோறும் என் டிபன் டப்பாவில் நான்கு போகும். முதல் தடவையே பேங்கில் கேட்டார்கள், யார் செய்தது என்று. நான்தான் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த புதன்கிழமை யோசித்துத்தான் சொன்னேன். புருஷன் வீட்டில் உட்கார்ந்து சமைக்கிறார் என்றால் என்ன நினைப்பார்கள் என்று எனக்குக் கூச்சம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்களே; நான் ஒரு முழு மனுஷனையே சமையலறையில் மறைத்தேன்.

அடுத்து வந்த சங்கராந்திக்குப் பேங்க் பெண்களை ஹல்தி குங்குமத்துக்கு அழைத்திருந்தேன். பூனாவில் இத்தனை வருடம் இருந்துவிட்டு மஞ்சள் குங்குமம் கொடுக்காமல் இருக்க முடியாது. எள்ளுருண்டையோடு குடைமிளகாயும் கேட்டார்கள். நீங்கள் தோளில் துண்டோடு தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தீர்கள். ஜோஷி மேடம் என் கையைப் பிடித்துத் தூக்கி, இந்தக் கைக்குத்தான் என்ன ருசி என்று எல்லோருக்கும் காட்டினாள். நாங்கள் வாராவாரம்தான் இதைத் தின்கிறோம், நீங்கள் தினம் தின்கிறீர்கள், கொடுத்து வைத்தவர் என்று உங்களிடம் சொன்னாள்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு உங்கள் ஓட்டை ஹிந்தியில், "நான் வெங்காயம் நறுக்கினதோட சரி, மத்ததெல்லாம் மேடம்தான்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். ஓவனைத் துடைத்து மூடி வைத்தீர்கள், அவ்வளவுதான். அடுத்த புதன்கிழமை டப்பாவில் எலுமிச்சை சாதம் இருந்தது. அதற்கடுத்த புதனும் அதுதான். நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு முகம் ஏது? நான்காவது வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறையிலிருந்து கூப்பிட்டீர்கள்.

"ஏம்புள்ள, நாளைக்கு அவங்க முன்னால செஞ்சு காட்டச் சொன்னா என்ன பண்ணுவ? வா, கத்துக்கோ."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கத்தியை என் கையில் கொடுத்துவிட்டுக் காயை நிறுத்திக் காட்ட ஆரம்பித்துவிட்டீர்கள். என் பொய்யை மெய்யாக்க அன்று காலை முழுவதும் நின்றீர்கள். நான் செய்தவை இரண்டு சாய்ந்தன, ஒன்று வெடித்தது. அதைத்தான் நீங்கள் முதலில் எடுத்துச் சாப்பிட்டீர்கள். புதன்கிழமை டப்பா மறுபடி கிளம்பியது. அதற்கப்புறம் ஆறு வருடம், செய்தது நீங்கள், பெயர் எனக்கு. நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன அரை மணியில் நீங்கள் போகிறவரைக்கும்.

போன மாதம் நான் ரிட்டயர் ஆனேன். கடைசி நாள் ஒரு தடவை அந்தக் குடைமிளகாய் வேண்டும் என்றார்கள். செய்து எடுத்துக்கொண்டு போனேன். மாலை போட்டு, பேசச் சொன்னார்கள். எழுந்து அவர்களிடம் சொல்லிவிட்டேன்: "அந்தப் புதன்கிழமைகளில் நீங்கள் சாப்பிட்டது என் சமையல் இல்லை. வேலை போய் வீட்டிலிருந்த என் புருஷன் செய்தது. வெட்கப்பட்டுக்கொண்டு மறைத்தேன்." முழுசாகச் சொன்னேன்.

யாரும் கோபப்படவில்லை. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜோஷி மேடம் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "எத்தனை பிரியம் பாருங்கள், தன் பேரைக்கூட அவருக்குக் கொடுக்கிறாள்" என்று மற்றவர்களிடம் சொன்னாள். இல்லை, நிஜமாகவே அவர்தான் என்றேன். அவள் என் கன்னத்தைத் தடவி, "எங்ககிட்ட அவரே சொன்னாரேம்மா, வெங்காயம் மட்டும்தான் நறுக்கினேன்னு" என்றாள்.

நீங்கள் சொன்னதை நம்பினார்கள், நான் சொன்னதை நம்பவில்லை. நீங்கள் தட்டோடு கூடத்தில் நின்ற அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். நல்ல சமையல்காரி என்று பூனாவில் ஒரு பேங்க் கிளை முழுக்க எனக்குப் பெயர். அந்தப் பெயரை இறக்கி வைக்கப் போனேன், வாங்கிக்கொள்ள ஆளில்லை.