திரும்பி வந்த பாதி மீன்

ஹிமி,
பிப்ரவரி, பனி விடாத ஒரு பிற்பகல்

அன்பு மகள் கனாயேவுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் மாப்பிள்ளை ஐவிந்தும் சம்பந்தி வீட்டாரும் அதே போலச் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் முன்னோர் மாடத்தில் ஊதுபத்தி வைக்கும்போது சொல்லிக்கொள்கிறேன். இங்கே ஈரப்பனி கொட்டுகிறது, கூரையில் ஏறித் தள்ளாதீர்கள் என்றால் உன் அப்பா கேட்பதாக இல்லை. வாரக்கணக்காக உதிக்காமலிருந்த சூரியன் நார்வேயில் உங்கள் தீவுக்குத் திரும்பி வந்துவிட்டது என்று போனில் சொன்னாயே, அன்றைக்கு எனக்கே குளிர் விட்டது போலிருந்தது. போனில்தான் பேசிக்கொள்கிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீங்கள் அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. அது வந்தபோது வீட்டில் நடந்ததைப் போனில் சொல்ல வழியில்லை, நான் போனை எடுத்தால் உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்.

முதலிலிருந்து சொல்கிறேன், டிசம்பரில் இங்கே என்ன கூத்து நடந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். குளிர்காலப் புரி மீனை எழுப்பிக் கரைப்பக்கம் விரட்டும் இடி இந்த வருஷம் சீக்கிரமே இடித்தது, துறைமுகம் முழுக்க மீன். நம் பக்கத்து வீட்டு நொசாகி அம்மாளின் பெண்ணும் உன்னைப் போலவே போன இலையுதிர் காலத்தில்தான் கல்யாணமாகித் தகாவோகாவுக்குப் போனாள். முதல் வருஷக் கடைசிக்குப் பெண் வீட்டுச் சீராக முழு புரி மீன் போயிற்று, முறைப்படி மாப்பிள்ளை வீட்டிலிருந்து பாதி திரும்பி வந்தது, அதில் ஒரு துண்டு நமக்கும் வந்தது. கொடுத்துவிட்டுப் போகிற வாய் சும்மா போகுமா, “உங்க வீட்டு மீன் எப்போ போகுது?” என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பப் பார்த்தேன், உன் அப்பா உள்ளேயிருந்து “போகும்” என்றார். மறுநாள் விடிவதற்குள் மனுஷர் சந்தைக்குப் போய், காரின் பின் இருக்கையில் குழந்தையைப் படுக்க வைத்ததுபோல ஒரு முழு மீனைக் கொண்டுவந்து நிறுத்தினார். வீட்டுக்குள்கூட வராமல் நேரே பார்சல் ஆபீசுக்கு ஓட்டினார். அங்கே இருந்த பெண் பாவம், “ஐயா, நார்வேக்குப் போய்ச் சேரும், ஆனா மீனா போய்ச் சேராது” என்றாளாம். அன்று மாலைதான் உனக்குப் போன் செய்தார். நீ சொன்னது எனக்கும் கேட்டது, “அப்பா, இங்க யாரும் இதையெல்லாம் எதிர்பாக்கல, சொன்னா சிரிப்பாங்க, விட்டுடுங்க” என்றாய். அவர் “சரி” என்று வைத்துவிட்டார்.

உன்மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை கண்ணு. புது ஊரில், புது வீட்டில், நீ எங்கிருந்து வந்தாய் என்பது எப்போதும் உனக்கு முன்னால் நடந்து போவது உனக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தலையைக் குனிந்து குனிந்து வணக்கம் சொல்வதை விட்டுவிட்டேன் என்று நீ எழுதியபோதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உன் அப்பாவுக்கு மீன் அனுப்புவது பெரிதல்ல, சம்பந்தி வீட்டின் பதிலாக அந்தப் பாதி திரும்பி வருவதுதான் வேண்டியிருந்தது. செப்டம்பரில் உன் கல்யாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது விமானத்தில் வழி முழுக்க ஊமையாக உட்கார்ந்திருந்தவர், ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார், “அந்த வீட்ல அவளுக்காகப் பேச யார் இருக்கா?” என்று கேட்டார். அவரும் உன் மாமனார் ஓட்வரும் படகுத் துறையில் ஒரு சாயங்காலம் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்களே, ஆளுக்கு ஒரு பாஷை, ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பெண் கொடுத்த வீட்டில் வாய் பேச முடியாதவனுக்கு மீனை விட்டால் வேறென்ன இருக்கிறது?

போனை வைத்ததும் அந்த மீனை முதுகெலும்போடு இரண்டாகப் பிளந்தார். ஒரு பாதியைப் பின்கட்டில் நான் சேர்த்து வைத்திருந்த பொட்டலங்களை எல்லாம் எடுத்து வெளியே வைத்துவிட்டு, உறைய வைக்கும் குளிர்பெட்டியில் கிடத்தினார். “இது சம்பந்தி வீட்டுப் பாதி. அது அவங்க திருப்பிக் கொடுத்தது, சமை” என்றார். போகாத மீனுக்குத் திரும்பி வந்த பாதியா என்று நான் கேட்டதற்கு, “முள்ளங்கி நிறையப் போடு” என்றார், அவ்வளவுதான். புத்தாண்டுக்கு அரிசிக் கொழுக்கட்டை வைக்க இடமில்லை, அந்தப் பாதியையும் சமைத்துவிடலாம் என்றேன். “அடுத்த வீட்டு மீனை எடுத்துத் திங்கறதா?” என்று என்னையே திருடியாக்கிவிட்டார். நடுவில் ஒருநாள் தண்ணீர் எடுக்கப் போனவர் அந்தப் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். ஜனவரியில் நான் உன்னிடம் இந்தக் குளிர்பெட்டிக் கதையை வேடிக்கையாகச் சொன்னபோது நீ வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாய், கோபம் வந்துவிட்டதோ என்று அன்றைக்கு முழுக்க எனக்குக் கவலை.

இப்போது பார்சலுக்கு வருகிறேன். தபால்காரர் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தபோதே வாடை வந்துவிட்டது. உன் அப்பாதான் பிரித்தார். பலகை மாதிரி ஒரு காய்ந்த காட் மீன். நான் சமைக்க அனுப்பிய வெறும் கருவாடு என்று நினைத்து, எங்கே ஊறப்போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் வாலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். முதுகு வழியாகப் பிளந்து, வாலும் பாதியாக வெட்டியிருந்தது. “பாதி” என்றார். அப்புறம் பூட்ஸை மாட்டிக்கொண்டு, காலையிலேயே தள்ளி முடித்த வாசல் பனியை மறுபடியும் தள்ளப் போய்விட்டார். வெறும் தரையைத் தள்ளிக்கொண்டிருந்தார் கனாயே, உரசுகிற சத்தத்திலேயே தெரிந்தது. நான் ஜன்னல் பக்கம் போகவில்லை, அவரும் உள்ளே வர அவசரப்படவில்லை.

திரும்பி வந்ததும் மீனை முன்னோர் மாடத்தில் வைத்து மணியடித்தார், உன் தாத்தா அங்கே மூக்கைப் பொத்திக்கொண்டிருப்பார். பிறகு மரம் அறுக்கிற ரம்பத்தால் ஒரு துண்டு அறுத்து எடுத்துக்கொண்டு நொசாகி வீட்டுக்குப் போய், “எங்க மாப்பிள்ளை வீட்லேருந்தும் பாதி வந்திருச்சு” என்று அவள் கையில் கொடுத்தார். அதற்கு முன்பே வாடை பிடித்து எங்கள் வீட்டில் எலி செத்துவிட்டதா என்று கேட்டவள்தான் அவள். கடித்துப் பார்த்துவிட்டு, “என் பல்லு போனா உங்க சம்பந்திதான் கட்டணும்” என்றாள், ஆனால் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

நேற்று நீ போனில் சொன்னாய், சம்பந்தி அம்மா இங்குன்னிடம் தயங்கித் தயங்கித்தான் இந்தக் குளிர்பெட்டிப் பாதியைப் பற்றிச் சொன்னாயாம், அவர் சிரிக்கவில்லையாம், எழுந்து போய் ஓட்வரைக் கூப்பிட்டாராம், அவர் நேரே கொட்டகைக்குப் போய், காய்ந்த மீனை இரண்டாக்கக் கத்தியை எடுத்தாராம். மற்றப் பாதியை அடுக்களைச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு, நாங்கள் வந்தால்தான் சாப்பிடுவது என்று யாரையும் தொடவிடாமல் இருக்கிறார் என்றாயே, நம் வீட்டில் ஒன்று இருப்பது போதாதென்று உனக்கு அங்கேயும் ஒன்று வாய்த்திருக்கிறது. இங்குன்னுக்கும் அவருக்கும் நாங்கள் நன்றி சொன்னதாகச் சொல், உன் மாமனாருக்கு வார்த்தை வேண்டாம், குனிந்து வணங்கிச் சொல், அவருக்குப் புரியும். சொல்லக் கூசியதைச் சொன்னாயே, உனக்கும் என் நன்றி கண்ணு, அது உனக்கு லேசாக இருந்திருக்காது.

காது மறையத் தொப்பி போடு. மீன் எண்ணெய் குடிக்கச் சொன்னார்கள் என்றால் முகம் சுளிக்காமல் குடி. அந்தக் காய்ந்த மீனை எத்தனை நாள் ஊறவைக்க வேண்டும் என்று இங்குன்னிடம் கேட்டு மறக்காமல் சொல், ரம்பத்தை எத்தனை நாள்தான் அடுக்களையில் வைத்திருப்பது? நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் நன்றாக இருங்கள்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா ஃபுமியே

கடிதத்தை மடிக்கப் போனேன், உன் அப்பா பேனாவைக் கேட்கிறார். கல்யாணப் பத்திரிகையில்கூடக் கையெழுத்தோடு நிறுத்திக்கொண்ட மனுஷர். கீழே இருப்பது அவர் எழுதியது.

கனாயே. பாதி வந்து சேர்ந்தது. உனக்காகப் பேச அங்கே ஆள் இருக்கிறது. அவர்கள் பாதி இங்கே பத்திரமாக இருக்கிறது, கெட்டுப்போவதற்குள் அவர்களைக் கூட்டிக்கொண்டு வா. அப்பா.