காதுகுத்துப் படத்தில் கருப்பு விழி

2005 மே 14, சனி
காலையிலேயே புழுக்கம். உப்பு வாரல் நடக்கிறது. தம்பி முருகேசன் விடியுமுன்பே உப்பளத்துக்குப் போய்விட்டான். எனக்குக் கல்லூரி விடுமுறை. விடைத்தாள் திருத்த வேண்டும், தொடவில்லை.

அவன் மகள் பவிக்கு இரண்டரை வயது. ஒரு பக்கமாகத் திரும்பும்போது இடது கண்ணில் வெள்ளையாக ஏதோ மின்னுகிறது. பூனைக் கண் மாதிரி. தம்பி மனைவி சுமதியும் பார்த்திருக்கிறாள். அளத்தில் வேலை செய்யும் அஞ்சலை: "உப்பு வெள்ளையப் பாத்துக்கினே இருந்தா கண்ணுல பூ விழும்மா." அப்படியானால் தினமும் அளத்தில் நிற்கும் அவளுக்கு ஏன் விழவில்லை?

மே 17, செவ்வாய்
பாண்டிச்சேரி, கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு வெகுநேரம் பார்த்தார் டாக்டர் அம்மா. மூன்றில் ஒன்றாம். புற்றுநோய். விழித்திரை ரத்தக்குழாய் ஒழுகுவது. நாய்க்குட்டியிடமிருந்து வரும் புழு. உள்ளே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல. ஸ்கேனும் தெளிவில்லை. வெள்ளை எப்போதிலிருந்து என்று தெரியப் பழைய போட்டோ கேட்டார்.

பஸ்ஸில் தம்பி: "புழுதான்க்கா. நாய்க்குட்டி வந்து ரெண்டு மாசந்தான் ஆவுது."

மே 18, புதன்
போன வருஷக் காதுகுத்து ஆல்பம். எல்லாப் படத்திலும் பவிக்கு இரண்டு விழியும் கருப்பு. அப்போது இல்லை, புழுதான் என்று தம்பிக்கு ஒரே சிரிப்பு. நாய்க்குட்டியை எக்கியார்குப்பத்தில் யாரிடமோ விட்டு வந்தான்.

எனக்கு உறுத்தல். பிளாஷில் மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் கண் சிவப்பு. இவளுக்கு மட்டும் இவ்வளவு சுத்தமான கருப்பா?

படம் எடுத்த ஸ்டூடியோக்காரரிடம் போய்க் கேட்டேன்: "ஒரு கண்ணு வெள்ளையா விழுந்துச்சு டீச்சர். பிளாஷ் கோளாறுன்னு நாந்தான் ரெண்டையும் டச்சப் பண்ணேன். நல்லா வரலீங்களா?"

நன்றாக வந்திருக்கிறது என்றேன். திருத்தாத பிரிண்ட் கேட்டிருக்கிறேன்.

மே 20, வெள்ளி
டாக்டர் பிரிண்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நாய்க்குட்டிக்கு முன்னாடியே இருக்கு. புழுன்னு எனக்குத் தோணலை." ரத்தக்குழாய் நோயா என்றேன். அது ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம், பெண்ணுக்கு வராது என்றில்லையாம். ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதிக்கலாமே என்றேன். கூடாதாம். புற்றாக இருந்தால் ஊசி போன வழியே பரவிவிடும். கண்ணை எடுத்துச் சோதித்தால்தான் நிச்சயம். அந்தக் கண்ணில் பார்வை ஏற்கெனவே இல்லை.

எடுத்த பிறகு நிச்சயம். இது என்ன நிச்சயம்? ஆதாரம் கேட்டே பழகியவள் நான்.

வராந்தாவில் தம்பி: "படிச்சவ நீ. நீ சொல்லுக்கா. எடுத்துட்டு, கேன்சர் இல்லன்னு வந்துச்சுன்னா?"

"வரலாம்."

"அப்போ?"

"பவி இருப்பா."

சொன்னது சரிதானா, தெரியவில்லை. சுமதி உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள்.

மே 22, ஞாயிறு
நாளை ஆபரேஷன். வெறும் வயிறு. இரண்டு கவுன், துண்டு, பால் பாட்டில் எடுத்து வைத்தாயிற்று.

பவி காலையிலிருந்து நாய்க்குட்டி எங்கே என்று கேட்டபடி இருக்கிறாள். அதன் மேல் இப்போது யாருக்கும் சந்தேகமில்லை. தம்பி சைக்கிளில் எக்கியார்குப்பம் போயிருக்கிறான்.