எல்லாக் கட்டத்திலும் பன்னிரண்டு

மார்ச் 3, செவ்வாய்

டியூஷன் டீச்சர் இன்றைக்கும் என் தாளைச் சிவப்பாக்கிக் கொடுத்தார். இங்கிலீஷ் பரீட்சையில் வரைபடம் கொடுத்தால் அதில் இருப்பதை மட்டும் எழுத வேண்டுமாம். ஏன் ஏறியது, எதனால் இறங்கியது என்று நம் மேதாவித்தனத்தைக் காட்டினால் மார்க் போச்சு. "கோடு என்ன சொல்லுதோ அதை மட்டும் சொல்லுங்க. காரணம் கேட்டாங்களா உங்களை?"

நான் எதற்கெடுத்தாலும் காரணம் சொல்லியே வளர்ந்தவள். நாற்பத்தொரு வயதில் இந்த வாயைக் கட்ட வேண்டும். இருபத்தெட்டாம் தேதி பரீட்சை. பாஸானால் நானும் இவரும் அக்கா இருக்கும் வெளிநாட்டுக்கே போய்விடலாம்.

மார்ச் 6, வெள்ளி

புத்தகத்திலிருந்த வரைபடங்கள் தீர்ந்துவிட்டன. ஆபீஸ் எண்களை வைத்து நானே ஒன்று வரைந்தேன். குளிர்கிடங்கு குமாஸ்தாவுக்கு எண்ணுக்கா பஞ்சம்? மெஷின் ரூம் ரிஜிஸ்டர் கைக்கு வந்தது. குளிரூட்டும் அம்மோனியா விஷவாயு காற்றில் எவ்வளவு கசிந்திருக்கிறது என்று அங்கே சுவரில் ஒரு மீட்டர் காட்டும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆபரேட்டர் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பகல் ஷிப்ட் இவர், அடுத்தது மீசை அண்ணன்.

இரண்டு மாதத்தை வரைந்தேன். எல்லாக் கட்டத்திலும் பன்னிரண்டு. 'மாறாமல் இருந்தது' என்று எழுதினேன். நூற்றைம்பது சொல்லுக்கு வேறென்ன எழுத?

மார்ச் 10, செவ்வாய்

டீச்சர் பார்த்துச் சிரித்தார். "இது வரைபடம் இல்லம்மா, ஸ்கேல் வச்சுப் போட்ட கோடு. நிஜமா அளந்தா கொஞ்சமாவது ஆடும். யாரோ உட்கார்ந்த இடத்துலயே எழுதியிருக்காங்க." 'நம்பும்படி இல்லை' என்று ஓரத்தில் சிவப்பில் எழுதித் தேதியும் போட்டார்.

நானும் சிரித்து வைத்தேன். பஸ்ஸில் ஏறின பிறகுதான் உறைத்தது. இந்த எண்களை வாராவாரம் கம்ப்யூட்டரில் தட்டுகிறவள் நான்தானே?

மார்ச் 11, புதன்

கேட்டேவிட்டேன். சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "மீட்டர் ஜனவரியிலேயே செத்துப்போச்சு. புதுசு வர்ற வரைக்கும் பழைய நம்பரையே எழுதச் சொன்னார் மேனேஜர்."

"சொன்னா எழுதிடறதா?"

"அனுபவச் சான்றிதழ்ல கையெழுத்துப் போடறது யாரு? அது இல்லாம நம்மள எவன் உள்ள விடுவான்? இன்னும் ரெண்டு மாசம். நீ வாயை மூடிட்டுப் படி."

"கசிஞ்சா?"

"வாசனை வராதா? மூக்கு எதுக்கு இருக்கு?"

மார்ச் 15, ஞாயிறு

இவர் சட்டையை ஊறவைக்க எடுத்தேன். அம்மோனியா நெடியில் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. முகர்ந்து பாருங்கள் என்று நீட்டினேன். "ஒண்ணும் வரலையே" என்றார்.

பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே வரவில்லை. பழகிவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

மேனேஜர் முன்னால் போய் நின்றேன். "மீட்டர் விஷயமா..." என்று ஆரம்பித்தேன். "உன் வீட்டுக்காரர் சான்றிதழ் டைப் பண்ணியாச்சா?" என்றார், சிரித்துக்கொண்டே. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். சீ.

மார்ச் 27, வெள்ளி

நாளை பரீட்சை. மையம் தூரம். என்னைக் கொண்டுபோய் விட இவர் ஷிப்ட் மாற்றிக்கொண்டார். கேட்டதுமே மீசை அண்ணன் சரி என்றாராம். என் மேசைப் பக்கம் வந்து, "இங்கிலீஷ்காரி ஆனப்புறம் எங்களை மறந்துடாத தங்கச்சி" என்று கிண்டலடித்துவிட்டுப் போனார். அவர் சட்டையிலும் அதே நெடி.

நல்லவேளை, நாளைக்கு இவர் அங்கே இல்லை என்று நினைத்தேன். நினைத்ததை எழுதியும் வைக்கிறேன்.

மார்ச் 28, சனி

வரைபடம் சுலபமாகத்தான் வந்தது. வெளியே வந்தால் பைக் பக்கத்தில் இவர் கையில் போனோடு நின்றார். முகமே சரியில்லை.

மீசை அண்ணன்.

ஏப்ரல் 1, புதன்

அம்மோனியா கசிந்த வால்வுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாராம். தூக்கும்போதே உயிர் இல்லையாம். அன்றைய பத்து மணிக் கட்டத்திலும் பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரீட்சை நல்லா எழுதினியா?" என்று கேட்டாள். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

ஏப்ரல் 6, திங்கள்

விசாரணைக்கு ஆள் வருகிறார்கள். ரிஜிஸ்டரை வரைபடமாக்கி இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் மேனேஜர். "நீதான் படிச்சிருக்கியே. கோட்டுல இருக்கறதை மட்டும் எழுது. காரணம் எல்லாம் வேண்டாம்." இவருடைய சான்றிதழ் உறையை என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

காரணம் எழுதினேன். ஜனவரியிலிருந்து மீட்டர் ஓடவில்லை. மேனேஜர் தெரிந்தே எழுதச் சொன்னார், இவர்கள் தெரிந்தே எழுதினார்கள், நான் தெரிந்தே தட்டினேன். டீச்சரின் சிவப்பு மைத் தாளையும் பின்னால் இணைத்தேன். அதில் மார்ச் பத்து என்று தேதி இருக்கிறது. அது என்னையும் சேர்த்து மாட்டிவிடும். விடட்டும்.

இவரிடம் நீட்டினேன். தமிழில் படித்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"இதைக் குடுத்தா நாம எங்கயும் போகப்போறதில்ல."

"ஆமா."

பேனாவைக் கேட்டார். என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டுக்குப் பக்கத்தில் தினமும் போட்ட அதே கையெழுத்து.